சே மரம்

சே மரம் என்பது முசுக்கட்டைக் குடும்பத்தைச் (மோரேசியே) சேர்ந்த, இலையுதிர்க்கும் ஒரு சிறிய பழமரம் ஆகும். இதன் தாவரவியற் பெயர் மக்லூரா டிரைகஸ்பிடாட்டா. சீனாவும் கொரியாவும் இதன் தாயகத்துள் அடங்கும். சப்பானில் இது வெளியிலிருந்து வந்து இயல்பாகப் பரவியுள்ளது. பலா, அத்தி, ஆல் ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சீனர்கள் இம்மரத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தும், பழத்தைவிட இலைக்கும் கட்டைக்குமே இதனைப் பெரிதும் போற்றி வந்துள்ளனர். பழத்துக்காக இதனை நடுவோர் சிலர், காய்க்காத மரத்தையோ, காய்த்தும் பிஞ்சிலேயே உதிர்த்துவிடும் மரத்தையோ பல ஆண்டுகள் பேணி ஏமாற்றம் அடைவதுண்டு. இதற்கான காரணங்கள் கீழே 'வளர்ப்பு' என்ற பகுதியில் விளக்கப்பட்டுள்ளன.

பெயர்

'சே' என்பது சீன மொழிப் பெயரின் திரிபு. கொரியர் இதனைக் குஜிப்போங் என்பர். இச்சொல்லின் பிற்பகுதியான 'போங்' முசுக்கட்டையைக் குறிக்கும். சப்பானியப் பெயரான ஹரிகுவா என்பதற்கு 'ஊசி முசுக்கட்டை' என்று பொருள். இளமரத்தின் முட்களைக் கண்டால் பெயர் பொருத்தமானதே என்பது விளங்கும். மக்லூரா என்னும் பேரினப் பெயர் வில்லியம் மக்லூர் என்ற நிலவியலாளர் நினைவாக இடப்பட்டது. டிரைகஸ்பிடாட்டா என்பது மூன்று முனைகளை உடையது எனப் பொருள்படும். ஒரே மரத்தில் மூன்று மடல் கொண்ட இலைகளும் மடலற்ற இலைகளும் கலந்து காணப்படுவதுண்டு. பழைய நூல்களில் இது குட்ரானியா டிரைகஸ்பிடாட்டா எனக் குறிக்கப்பட்டிருக்கும்.

வரலாறு

முசுக்கட்டை இலை போதாத காலங்களில் சீனர்கள் சே இலையைப் பட்டுப்புழுவுக்கு உணவாக இட்டனர். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சீசியே எழுதிய சிமின் யாவொசு என்னும் வேளாண் நூல், முசுக்கட்டையையும் சே மரத்தையும் ஒரே அதிகாரத்தில் வைத்து விளக்குகின்றது. சே இலை தின்ற புழுவின் பட்டு, யாழ் போன்ற இசைக்கருவிகளின் நரம்புக்குச் சாதாரணப் பட்டைவிட மிகச் சிறந்தது என்பது அந்நூலின் கருத்து. நட்டு 15 ஆண்டுகள் ஆனபின் மரம் வில் செய்ய ஏற்றதாகும் என்றும் அது கூறுகின்றது.

வில்லுக்கும் இம்மரத்துக்கும் உள்ள தொடர்பு இதனினும் பழமையானது. பண்டைச் சீனக் கைவினை நூலான காவோ கோங் ஜி, வில்லின் உடற்பகுதிக்கு ஏற்ற ஏழு பொருட்களை வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் முதலிடம் சே மரத்துக்கு. மூங்கிலுக்குக் கடைசி இடம். இம்மரத்தின் மஞ்சள் நிற வைரக்கட்டையிலிருந்து சாயமும் எடுக்கப்பட்டது. தாங் மரபுப் பேரரசர்களின் மஞ்சள் உடையோடு இச்சாயத்தின் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது.

மேற்கு நாடுகளுக்கு இம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்றது. அமெரிக்காவில் 1930ஐ ஒட்டிய காலத்தில் அறிமுகமானது.

வளர்ப்பு

சே மரத்தில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை. பட்டாணி அளவுள்ள பச்சை நிறப் பூக்கள் வடகோளத்தில் சூன் மாத அளவில் தோன்றுகின்றன. மகரந்தம் முதிரும்போது ஆண் பூக்கள் மஞ்சளாக மாறும். பெண் பூக்களில் நுண்ணிய சூல்முடி இழைகள் வெளிப்படும். மகரந்தத்தைக் காற்றே கொண்டு செல்கின்றது. விதையிலிருந்து வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்பதைப் பூக்கும் வரை அறிய இயலாது. அக்கன்று காய்ப்புக்கு வரப் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதால், விதையை மட்டும் நம்பி நடுபவர் பெரிய இழப்புக்கு ஆளாகக்கூடும். சில பெண் மரங்கள் ஆண் மரம் இன்றியும் விதையற்ற பழங்களைத் தருகின்றன. தோட்டக்காரர்கள் விரும்பிப் பெருக்குவது இவற்றையே.

ஆகவே ஒட்டுக்கட்டுதலே நல்ல வழி. சே மரம் தன் வேரிலேயே வளரும்போது மெதுவாக வளர்ந்து புதர்போல் படரும் இயல்புடையது. வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒசேஜ் ஆரஞ்சு (மக்லூரா பொமிஃபெரா) இதே பேரினத்து மரமாதலால், அதன் கன்றில் பெண் சே மரக் கிளையைப் பிளவு ஒட்டாகவோ நாக்கு ஒட்டாகவோ இணைக்கின்றனர். அவ்வாறு ஒட்டிய மரம் வலுவாக வளரும். பெயரில் ஆரஞ்சு இருப்பினும் அது ஆரஞ்சு அன்று. அதன் பெரிய பச்சைக் காயை மக்கள் உண்பதில்லை. கோடையில் இளந்தண்டுகளை வெட்டி, வேரூக்கி மருந்து தடவி நடுவதும் உண்டு.

வறட்சியைத் தாங்கும் மரமாயினும், நீர் குறைந்தால் காய்கள் முதிரும் முன்பே உதிர்ந்துவிடும். இளமரங்களில் இவ்வுதிர்வு மிகுதி. மரம் முதிர முதிரக் குறையும். முட்களும் அவ்வாறே வயது ஏறும்போது குறைகின்றன. குளிர்காலத்தில், முந்தைய ஆண்டுக் கிளைகளைப் பாதியளவுக்கு வெட்டிவிடுவது வழக்கம். கடுங்குளிரையும் மரம் தாங்கும். ஆனால் பழம் முதிர நவம்பர் வரை ஆகக்கூடும் என்பதால், கோடை குறுகிய இடங்களில் பழத்தை உறைபனி முந்திக்கொள்ளும்.

பழம்

சே பழம் பலாவைப் போன்ற ஒரு கூட்டுக்கனி. அதாவது பல பூக்களின் சூலகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பழமாவது. அளவில் மட்டும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை: சே பழத்தின் விட்டம் 2 முதல் 5 செ.மீ. வரையே. மேடுபள்ளமான சிவந்த தோலும், உள்ளே சிவப்புச் சதையும், சில பழுப்பு விதைகளும் இருக்கும்.

பழம் சிவந்தவுடன் பறிப்பதே பலரும் செய்யும் தவறு. அந்நிலையில் அதற்குச் சுவையே இராது. காயில் உள்ள பாலும் முற்றாக நீங்கியிராது. நிறம் கருஞ்சிவப்பாகி, தோல் ஆங்காங்கே கறுத்து, தொட்டால் மென்மையாக இருக்கும்போதே பறித்தல் வேண்டும். அப்போது அத்தியும் தர்ப்பூசணியும் கலந்தாற்போன்ற இனிப்பு உண்டாகும். புளிப்பு மிகக் குறைவு என்பதால் சிலருக்கு இது சப்பென்று தோன்றலாம். முசுக்கட்டைப் பழம் போல் இது தானே உதிர்வதில்லை. ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும்.

கொரியாவில் பழத்தையும் இலைத் தேநீரையும் உடல்நலப் பொருட்களாக விற்கின்றனர். வேர், பட்டை ஆகியவற்றின் சாறுகள் ஆய்வுக்கூடங்களில் ஆராயப்பட்டுள்ளன. எனினும் ஆய்வுக்கூட முடிவுகளைக் கொண்டு, இவை மனிதரின் நோயைக் குணப்படுத்தும் என்று கொள்ள இயலாது.