ஐந்து கேள்விகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மனி அளவுக்கு மீறி அகதிகளை ஏற்றுக்கொண்டுவிட்டதா? மேற்கு நாடுகள் ரஷ்யாவை நியாயமாக நடத்துகின்றனவா? யூரோவைக் கைவிட்டுப் பழைய மார்க் நாணயத்துக்கே திரும்பலாமா? தன்பாலின இணையர் திருமணம் செய்துகொள்ளலாமா? அணுமின் நிலையங்களை மூடும் முடிவு சரிதானா? 2017-இல் ‘ட்சைட் ஆன்லைன்’ என்ற ஜெர்மன் செய்தி ஏடு இந்த ஐந்து கேள்விகளைத் தன் வாசகர்களிடம் கேட்டது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்லலாம். ஐந்தும் முடிந்ததும் ஆறாவதாக ஒன்று கேட்கப்பட்டது: இவற்றுக்கு நேர்மாறாகப் பதில் சொன்ன ஒருவர் பக்கத்தில் எங்கோ வசிக்கிறார், அவரை நேரில் சந்தித்துப் பேசச் சம்மதமா?

சுமார் 12,000 பேர் சம்மதம் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜெர்மனியெங்கும் ஏறத்தாழ 600 ஜோடிகள், அதாவது 1,200 பேர், தேநீர்க் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் பூங்காக்களிலும் எதிரெதிரே உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். அதற்கு முன் அவர்களில் எவரும் தம் எதிரே இருந்தவரைப் பார்த்ததில்லை. இந்த முயற்சிக்கு வைத்த பெயர் ‘ஜெர்மனி பேசுகிறது’.

அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டதன் காரணம் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. 2015-இல் சுமார் 8,90,000 பேர் அடைக்கலம் தேடி ஜெர்மனிக்கு வந்தார்கள். சிரியப் போரிலிருந்து தப்பியவர்கள் அவர்களில் ஏராளம். ரயில் நிலையங்களில் உணவுப் பொட்டலங்களோடு வரவேற்றவர்களும் இருந்தார்கள், தெருவில் இறங்கி எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தது. நவம்பரில் அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் வென்றார். இரண்டு முடிவுகளும் பத்திரிகைக்காரர்களைத் திகைக்க வைத்தன. நாட்டின் சரிபாதி என்ன நினைக்கிறது என்பது மறுபாதிக்குத் தெரியாமலே போயிருந்தது. ஜெர்மன் பொதுத்தேர்தல் 2017 செப்டம்பரில் நடக்கவிருந்தது. அந்தத் தேர்தலில், நான்கே ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற வலதுசாரிக் கட்சி 12.6 சதவீத வாக்குகளோடு முதல் முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது.

கேள்விகள் ஐந்தும் யோசித்துத் தேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஜெர்மன் சமூகத்தின் ஒரு பழைய காயத்தைத் தொடுகிறது. மார்க் நாணயம் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியின் மீட்சியோடு சேர்த்து நினைக்கப்பட்ட ஒன்று. 2002-இல் அதன் இடத்தில் யூரோ நோட்டுகள் வந்தபோது தம் சேமிப்பின் அடையாளமே போய்விட்டதாக வருந்தியவர்கள் உண்டு. ரஷ்யா பற்றிய கேள்வியில், 1990 வரை தனி நாடாக இருந்த கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே பார்வை வேறுபடும். அணுமின்சாரத்தைக் கைவிடும் முடிவு 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தை அடுத்து எடுக்கப்பட்டது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்றுதான் நின்றன. திருமணம் பற்றிய கேள்வியின் கதை இவற்றினும் வேறு. முதல் சந்திப்பு நடந்து பன்னிரண்டே நாளில், ஜூன் 30 அன்று, நாடாளுமன்றம் 393-க்கு 226 என்ற வாக்குக் கணக்கில் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. தேநீர்க் கடையில் இருவர் வாதாடிய விஷயம் அந்த மாதமே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகள் என்பது முதல் பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும். அகதிகள் பற்றிய ஒருவரின் நிலைப்பாடு ஒரு சொல்லில் அடங்காது. ஆனால் இங்கே அந்த விடைக்கு ஒரே ஒரு வேலைதான்: எதிராளியைக் கண்டுபிடித்துத் தருவது. அதன் விளக்கங்கள், தயக்கங்கள், ‘ஆம், ஆனாலும்’கள் எல்லாம் மேசைக்கு வந்தபின் பேசிக்கொள்ள வேண்டியவை. கேள்வித்தாளிலேயே நுணுக்கம் பார்த்திருந்தால் பேச எதுவும் மிஞ்சியிருக்காது.

ஜோடி சேர்க்கும் வேலையைக் கணினி செய்தது. வரன் பார்க்கும் செயலிகள் ஒத்த விருப்பம் உள்ளவர்களைத் தேடுகின்றன. இந்த நிரல் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டது. விடைகள் எவ்வளவு மாறுபடுகின்றனவோ அவ்வளவு பொருத்தம். கூடவே ஒரு நிபந்தனை: இருவரும் சுமார் 20 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும். பொருத்தம் கூடியதும் எதிராளியைப் பற்றிய சில விவரங்கள் மட்டும் இருவருக்கும் அனுப்பப்பட்டன. இருவரும் சரி என்றால்தான் தொடர்பு கிடைக்கும். இடத்தையும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஏட்டின் தலைமை ஆசிரியர் யோகன் வெக்னரும் மற்றவர்களைப் போலவே பதிவு செய்தார். அவருக்கு வாய்த்தவர் ஓர் இயந்திரத் தொழிலாளி.

இந்த 20 கிலோமீட்டர் நிபந்தனைதான் ஏற்பாட்டின் உயிர்நாடி. தொலைவில் இருப்பவரின் கருத்தை ‘அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடலாம். ஒரே பேருந்தில் போய், ஒரே கடையில் ரொட்டி வாங்கி, ஒரே நகராட்சிக்கு வரி கட்டும் ஒருவர் எதிர்க்கருத்து வைத்திருக்கிறார் என்றால் அப்படித் தள்ள முடியாது. அந்தக் கருத்து எந்தத் தெருவிலிருந்து, எந்த வேலையிலிருந்து, எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று கேட்டே ஆகவேண்டும்.

அந்நியர் என்பதிலும் ஒரு வசதி இருக்கிறது. சொந்தக்காரர்களோடு வரும் அரசியல் சண்டை பெரும்பாலும் அரசியலோடு நிற்பதில்லை. சொத்துப் பங்கு, கல்யாணத்தில் நடந்த அவமரியாதை, அண்ணனுக்குக் கிடைத்ததும் தம்பிக்குக் கிடைக்காததுமான பழைய கணக்கு எல்லாம் அதன் அடியில் ஓடும். முன்பின் தெரியாதவரிடம் அந்தக் கணக்கு இல்லை. அவரிடம் தோற்றுப்போனாலும் வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெர்மன் மொழியும் இதற்குக் கைகொடுக்கிறது. அறிமுகமில்லாத பெரியவர்கள் ஒருவரையொருவர் ‘ஸீ’ என்று அழைப்பதே அங்கே வழக்கம். தமிழில் ‘நீங்கள்’ போன்ற மரியாதைச் சொல் அது. இணையத்தில் அந்த மரியாதை சீக்கிரமே உதிர்ந்து ‘டூ’ என்ற ஒருமை வந்துவிடும். முகத்துக்கு முகம் உட்கார்ந்து, எதிரே இருப்பவரை ‘நீங்கள்’ என்று விளித்துக்கொண்டே வசைபாடுவது எளிதல்ல.

நடுவர் வைக்காததும் நன்று. தொலைக்காட்சி விவாதத்தில் பேசுபவரின் கண் எதிராளி மேல் இருந்தாலும் பேச்சு பார்வையாளருக்கானது. கைதட்டல் வாங்கத்தான் அங்கே சொற்கள் கூர்தீட்டப்படுகின்றன. தேநீர்க் கடையின் இருவர் மேசையில் கேட்பவர் ஒருவரே, அவரும் எதிர்க்கட்சிக்காரர். அவருக்குப் புரியவில்லை என்றால் பேசியது அத்தனையும் வீண். அதனால் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கத் தொடங்கியதும் குரல் தானாக இறங்குகிறது.

2018-இல் முயற்சி பெருகியது. ‘ஷ்பீகல் ஆன்லைன்’, ‘ஸூட்டாய்ச்ச ட்சைட்டுங்’ போன்ற போட்டி ஏடுகளும் வட்டாரப் பத்திரிகைகளும் கைகோத்தன. குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஷ்டைன்மையர் அதன் புரவலரானார். பதிவு செய்தவர்கள் 28,000-ஐத் தாண்டினார்கள். கேள்விகள் ஏழாயின: எல்லைக் காவலைக் கடுமையாக்கலாமா, நகர மையங்களில் கார்களைத் தடை செய்யலாமா, இறைச்சிக்குக் கூடுதல் வரி போடலாமா, முஸ்லிம்களும் மற்றவர்களும் நன்றாகச் சேர்ந்து வாழ முடியுமா என்பவை அவற்றுள் சில. சந்திப்பு நாள் செப்டம்பர் 23. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில், அடைக்கலம் தேடி வந்தவர்கள் மீது சந்தேகம் விழுந்த ஒரு கொலையை அடுத்து, தீவிர வலதுசாரிகள் தெருவில் திரண்டார்கள். அயலார் போலத் தெரிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 

இத்தகைய பேச்சால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? நல்லெண்ணத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்வாய்ப்பாக, ஆய்வாளர்களும் உடன் வந்தார்கள். ஷிமெங் ஃபாங், ஸ்வென் ஹாய்சர், லாஸ ஷ்டோட்ஸர் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்களைக் கருத்தாய்வுகள் வழியாகத் தொடர்ந்தார்கள். கணினி சேர்த்த ஜோடிகள் எல்லாமே சந்தித்துவிடவில்லை. எதிர்த்தரப்பிலிருந்து பதில் வராமல் போனதும் உண்டு. சில ஜோடிகள் ஏறத்தாழ ஒத்த கருத்துடையவையாகவே அமைந்துவிட்டன. இந்த வேறுபாடுகள் ஒப்பீட்டுக்கு வழி தந்தன.

கிடைத்த முடிவு கவனமாகப் படிக்க வேண்டியது. எதிர்க்கருத்து உள்ளவரைச் சந்தித்தவர்களின் அரசியல் நிலைப்பாடு மாறவில்லை. அகதிகள் விஷயத்தில் கடுமை வேண்டும் என்று வந்தவர் அதே எண்ணத்தோடு வீடு திரும்பினார். தாராளம் வேண்டும் என்றவரும் அப்படியே. மாறியது இன்னொன்று: மறுதரப்பினரைப் பற்றிய மதிப்பீடு. ‘அவர்கள் விவரமில்லாதவர்கள், கெட்ட எண்ணம் கொண்டவர்கள்’ என்ற நினைப்பு கணிசமாகக் குறைந்தது. சக குடிமக்கள் மீதான பொதுவான நம்பிக்கையும் கூடியது. ஒத்த கருத்துள்ளவரோடு பேசியவர்களின் அரசியல் பார்வையோ முன்பைவிடத் தீவிரமானது.

ஆக, கருத்துப் பிளவு என்பது வேறு, மனப் பிளவு என்பது வேறு. முன்னது ஜனநாயகத்தில் இருந்தே தீரும். தேர்தல்கள் இருப்பதே அதற்காகத்தான். பின்னது முற்றினால் தோற்ற கட்சி தோல்வியை ஏற்காது, வென்ற கட்சி எதிரியை விட்டுவைக்காது. ஒருவரின் கருத்து மாறாமலே அவருடைய வெறுப்பு குறைய முடியும் என்பதுதான் இந்தச் சந்திப்புகள் காட்டிய மிகப் பெரிய செய்தி. ‘பேசி என்ன பயன், அவன் மாறவா போகிறான்’ என்ற சலிப்புக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

இதன் அடிப்படை புதிதல்ல. ஹார்வர்ட் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், முன்முடிவுகளைப் பற்றி 1954-இல் எழுதிய நூலில், பகைக் குழுக்களுக்கு இடையே நேர்த்தொடர்பு எப்போது நன்மை தரும் என்பதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார்: சம அந்தஸ்து, பொது நோக்கம், கூட்டுறவு, அதிகார அமைப்புகளின் ஆதரவு. 2006-இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடர்பு பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்று உறுதிசெய்தார்கள். நான்கு நிபந்தனைகளும் அமைந்தால் பலன் கூடுகிறது, அமையாவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு என்பது அவர்கள் கண்டது.

எல்லாப் பேச்சும் ஒரே பலன் தருவதில்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கை உண்டு. எரிக் சாண்டோரோவும் டேவிட் புரூக்மேனும் 2022-இல் வெளியிட்ட சோதனைகளில், எதிரெதிர்க் கட்சி ஆதரவாளர்கள் காணொலி வழியாக உரையாடினார்கள். ‘உங்கள் மனதுக்குப் பிடித்த நாள் எப்படி இருக்கும்’ என்று பேசிக்கொண்டவர்களிடம் எதிர்க்கட்சியினர் மீதான கசப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மூன்று மாதத்துக்குள் அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. கருத்து வேறுபாடுகளையே பேசியவர்களிடம் கசப்பு குறையவில்லை. அமெரிக்கர்கள் ஆய்வுக்காகத் திரையில் பேசியவர்கள். ஜெர்மானியர்கள் தாமே முன்வந்து, பயணம் செய்து, நேரில் உட்கார்ந்தவர்கள். முடிவுகள் வேறுபடுவதற்கு இந்த விருப்பமே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

அந்த விருப்பம்தான் முயற்சியின் எல்லையும்கூட. பதிவு செய்தவர்கள் ஏடு படிப்பவர்கள். கல்லூரிப் படிப்பு உள்ளவர்களின் பங்கு நாட்டின் சராசரியைவிடக் கூடுதல். பத்திரிகைகளையே பொய் என்று ஒதுக்குபவர்களை அந்தப் பத்திரிகைகளில் வரும் கேள்விகள் எட்டுவதில்லை. மிகுந்த கோபத்தில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்நியர் ஒருவரைத் தேடிப் போவதும் அரிது.

இதைவிடக் கனமான சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. கார் தடை பற்றியும் இறைச்சி வரி பற்றியும் இருவர் சமமாக உட்கார்ந்து வாதாடலாம். ‘முஸ்லிம்களோடு சேர்ந்து வாழ முடியுமா’ என்ற கேள்விக்கு ‘முடியாது’ என்று சொன்னவர் எதிரே ஒரு முஸ்லிம் உட்கார்ந்தால் நிலைமை வேறு. ஒருவருக்கு அது கருத்து. மற்றவருக்கு அது தன் வீடு, தன் பிள்ளைகளின் பள்ளி, தான் பிறந்த ஊரில் இருக்கும் உரிமை. பொறுமையாக விளக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஆல்போர்ட் முதல் நிபந்தனையாகச் சொன்ன சம அந்தஸ்து அங்கே தொடக்கத்திலேயே குலைந்துவிடுகிறது. அத்தகைய சந்திப்பை ஒருவர் மறுத்தால் அதைச் சகிப்பின்மை என்று சொல்ல முடியாது. இருவரும் சரி என்றால்தான் தொடர்பு கிடைக்கும் என்ற விதி, இப்படிப்பட்டவர் ஒதுங்கிக்கொள்வதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

கேள்வி கேட்டு ஜோடி சேர்க்கும் அந்த நிரல் பின்னர் மற்ற நாடுகளின் ஏடுகளுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆஸ்திரியாவில் ‘டேர் ஷ்டாண்டர்ட்’ நாளேடு ‘ஆஸ்திரியா பேசுகிறது’ என்று நடத்தியது. 2019 மே 11 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்னதாக, ‘ஐரோப்பா பேசுகிறது’ என்ற பெயரில் 33 நாடுகளைச் சேர்ந்தவர்கள் எல்லை தாண்டி ஜோடி சேர்க்கப்பட்டார்கள். அங்கே 20 கிலோமீட்டர் விதி செல்லாது. இருவருக்கும் பொதுவான ரொட்டிக்கடை கிடையாது, பெரும்பாலும் தாய்மொழியும் ஒன்றல்ல. பலர் காணொலியில் பேசினார்கள். சிலர் எல்லையைக் கடந்து வந்து நேரிலேயே உட்கார்ந்தார்கள்.