முகம் குளிரப் பன்னீர்!

வீட்டு அடுப்பிலேயே வடிக்கலாம். செலவு சொற்பம், சுத்தம்தான் முக்கியம்

சித்திரை மாதம். உச்சி வெயில். புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது. காற்று வீசினாலும் அனல்தான் வருகிறது.

முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலமும் இதுதான். விடியற்காலையில் தோப்புக்குப் போகும் பெண்கள் வெயில் ஏறியதும் வீடு திரும்புகிறார்கள். வந்ததும் முதல் வேலை என்ன? தொட்டித் தண்ணீரை இரு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வதுதான்! "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு வருகிறது.

அந்த "அப்பாடா" இப்போது புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. அதற்குப் பெயர் 'பேஸ் மிஸ்ட்'. 'மிஸ்ட்' என்றால் மூடுபனி. புட்டியின் தலையை அழுத்தினால் பனி போலத் தண்ணீர் சிதறி முகத்தில் படிகிறது. சில புட்டிகளின் விலை நூற்றுக்கணக்கான ரூபாய்.

பேத்தி ஒருத்தி டவுனுக்குப் போய் இப்படி ஒரு புட்டி வாங்கி வந்தால், வீட்டில் பேச்சு எப்படி இருக்கும்?

"என்னத்தா இது, கொசு மருந்தா?"

"இல்லை அப்பத்தா. முகத்துக்கு அடிக்கிற பன்னீர்."

"பன்னீரா? கல்யாண வாசலிலே சும்மா தெளிப்பாங்களே, அதுக்கா இவ்வளவு காசு குடுத்தே?"

அப்பத்தா கேட்பது நியாயமான கேள்வி. இதை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஆனால் முறை தெரிந்து தயாரிக்க வேண்டும்.

பழைய சரக்குதான்!

பனி, நீர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தே 'பன்னீர்' ஆயிற்று. கல்யாண வீட்டில் சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நீண்ட கழுத்துள்ள வெள்ளிச் செம்பு நிற்கும். அதன் தலையில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வெயிலில் நடந்து வந்த விருந்தாளியின் மேல் அதைத் தெளித்தால் களைப்பு நீங்கும்; மனமும் மலரும். இன்றைய புட்டி செய்யும் வேலையை அந்தச் செம்பு எப்போதோ செய்துவிட்டது.

பன்னீருக்கு ராஜ வம்சத்துக் கதையும் உண்டு. மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் 1605 முதல் 1627 வரை ஆண்டவர். அவருடைய ராணி நூர்ஜஹான். ராணியின் தாயார் அஸ்மத் பேகம் ஒரு நாள் பன்னீர் தயாரித்தார். சூடான பன்னீரைத் தட்டுகளில் ஊற்றியபோது மேலே ஏடு போல எண்ணெய் படிந்தது. அதை வழித்து எடுத்தார். ஒரு சொட்டிலேயே ஒரு கூடை ரோஜாவின் வாசனை! அதுவே ரோஜா அத்தர். இந்தச் செய்தியை ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பிரான்ஸ் தேசத்தில் அவென் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஊற்று நீரையே டப்பாவில் அடைத்து, முகத்தில் தெளித்துக்கொள்ள உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள்.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டு போய்விடுகிறது. முகத்தில் தெளித்த நீரும் இதையே செய்கிறது.

ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும்! அவ்வளவு வெப்பமும் பெரும்பாலும் தோலிலிருந்து போகிறது. அதனால்தான் சில துளிகளிலேயே இவ்வளவு சுகம்.

காற்று வறண்டிருந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும். ஆகவே உள்நாட்டு ஊர்களில் பன்னீர் நன்றாகக் குளிர்விக்கும். இதே மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். அங்கே தெளித்த நீர் காயத் தாமதமாகும். விசிறி வீசினால்தான் குளிர்ச்சி தெரியும்.

அடுப்பில் பன்னீர்

வாசனையுள்ள நாட்டுப் பன்னீர் ரோஜா இரண்டு கைப்பிடி போதும். வீட்டுத் தோட்டத்துப் பூவாக இருந்தால் நல்லது. கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் பூ விவசாயத்துக்குப் பெயர் பெற்றவை. ஆனால் விற்பனைக்கு வளர்க்கும் பூக்களுக்குப் பூச்சி மருந்து அடிப்பது வழக்கம். மாலைக்கும் கொண்டைக்கும் உரிய பூவை முகத்துக்கான பன்னீருக்கு உபயோகிக்க வேண்டாம்.

இதழ்களை மட்டும் உதிர்த்துக் கழுவிக்கொள்ளவும். அகலமான பாத்திரத்தின் நடுவில் கழுவிய கல் ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு காலிக் கிண்ணத்தை வைக்கவும். கல்லைச் சுற்றி இதழ்களைப் போட்டு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றவும். தண்ணீர் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

இப்போது பாத்திரத்தின் வாயில், அடிப்பாகம் உருண்டையாக உள்ள சட்டி ஒன்றை மூடி போலப் பொருத்தவும். சட்டிக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும். அடுப்பைச் சிறு தீயில் எரிய விடவும்.

என்ன நடக்கும்? பூவின் வாசனையோடு நீராவி மேலே எழும். குளிர்ந்த சட்டியில் பட்டு மறுபடி நீராக மாறும். உருண்டை அடியின் நடுவுக்கு வழிந்து வந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அந்தச் சொட்டுகளே பன்னீர்!

மேல் சட்டித் தண்ணீர் சூடானால் மாற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அடுப்பை அணைத்துவிடலாம். பாத்திரத்துத் தண்ணீர் வற்றும்வரை விட்டால் இதழ் தீய்ந்து கருகல் நாற்றம் வரும். ஆறும்வரை சட்டியைத் தூக்க வேண்டாம். ஆவி கையைச் சுட்டுவிடும். குழந்தைகளை அடுப்பங்கரைக்கு வெளியே இருக்கச் சொல்ல வேண்டும்.

சுலபமான வழி

பூ கிடைக்காதவர்கள் என்ன செய்வது? நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் கிடைக்கும். சிறு கைப்பிடி வேரை மண் போக அலசி, ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க விடவும். ஆறியதும் சுத்தமான துணியில் வடிகட்டவும். மழை பெய்த மண் போன்ற வாசனையோடு தண்ணீர் தயார்.

வெள்ளரிக்காய்ச் சாற்றையும் தெளிக்கிறார்கள். குளிர்ச்சிதான்; ஆனால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். வெள்ளரியை வில்லையாக நறுக்கி முகத்தில் சிறிது நேரம் வைத்துக்கொண்டு கழுவுவதே மேல்.

வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர். அதில் மருந்துக் கடையில் விற்கும் கிளிசரின் அரை டீஸ்பூன். இரண்டையும் கலந்தால் போதும்! சோப்பு தயாரிக்கும்போது கூடவே கிடைக்கும் பொருள் கிளிசரின். அதற்குத் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. அதிகம் சேர்த்தால் முகம் பிசுபிசுக்கும், தூசியும் ஒட்டும்.

ஈரம் நிற்க வேண்டுமே!

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பன்னீரை நாள் முழுவதும் தெளித்துக்கொண்டே இருந்தால் தோல் மினுமினுக்கும் என்பது அவர்கள் எண்ணம். நடப்பது வேறு. வெறும் நீர் காயும்போது தோலின் ஈரமும் குறையக்கூடும். கொஞ்ச நேரத்தில் முகம் முன்னைவிட இறுக்கமாகத் தோன்றும்.

தோலின் மேல்படலம் காகிதத்தைவிட மெல்லியது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் போல, செல்களுக்கு நடுவே கொழுப்புப் பொருள் பூசி அமைந்தது. அந்தப் பூச்சு நன்றாக இருந்தால் ஈரம் வெளியே போகாது. காரமான சோப்பும், வெயிலும், வறண்ட காற்றும் பூச்சைக் கெடுக்கின்றன.

ஆகவே, பன்னீர் தெளித்து முகம் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு துளி தேங்காய் எண்ணெயையோ, சாதாரண முகக் கிரீமையோ மெல்லத் தடவ வேண்டும். பானைக்கு மூடி போட்டது போல ஈரம் உள்ளேயே தங்கும். பருவுள்ள முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, பருவை அதிகமாக்கும். அவர்கள் எண்ணெய்ப் பசையில்லாத கிரீமைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜாக்கிரதை!

குளத்து நீரும் பச்சைத் தண்ணீரும் வேண்டாம். கண்ணில் தெறித்தால் நோய் வரலாம். கொதித்து ஆறிய தண்ணீரே சரி.

பழைய தெளிப்புப் புட்டியை எடுக்கும்போது, முன்பு அதில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பூச்சி மருந்தோ, தரை துடைக்கும் திரவமோ இருந்த புட்டியை எத்தனை தடவை கழுவினாலும் முகத்துக்கு உபயோகிக்கக் கூடாது. புதுப் புட்டி வாங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைக்கவும்.

குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் வெட்டிவேர் நீரையும் கிளிசரின் நீரையும் மூன்று நாள், வடித்த பன்னீரை ஒரு வாரம் வைத்திருக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்று செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும். கலங்கினாலோ, நாற்றம் மாறினாலோ தயங்காமல் கொட்டிவிடவும். கிருமி கண்ணுக்குத் தெரியாது!

எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முகம் வெளுக்கும் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகும். கற்பூரமும் எரிச்சல் தரும்.

புதிதாகச் செய்ததை முதலில் முன்கையின் உட்புறத்தில் தெளித்து ஒரு நாள் பொறுக்கவும். அரிப்பு இல்லை என்றால் முகத்தில் தெளிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தெளிக்கவும். புண், படை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

உயிர் காக்கும் தண்ணீர்

இன்னொரு விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். முகம் குளிர்ந்தால் உடம்பும் குளிர்ந்துவிட்டது என்று தோன்றும். அது மயக்கு! வியர்வையாகப் போன நீரை முகத்தில் தெளித்துத் திருப்பித் தர முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் நல்லவை. தலையில் துண்டோ முந்தானையோ இருக்க வேண்டும். உச்சி வேளையில் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

அப்படியும் ஒருவர் தோப்பில் சுருண்டு விழுந்தால்? உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை. இது வெப்ப மயக்கம். உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தவும். உடம்பு முழுவதும் தண்ணீர் தெளித்து, விடாமல் விசிறவும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

முகத்துக்குச் சுகம் தந்த அதே தத்துவம், இங்கே உயிரைக் காக்கிறது. தெளித்த நீர் ஆவியாகிச் சூட்டைக் கொண்டு போகிறது. அந்த நேரத்தில் வாசனையும் வேண்டாம், வெள்ளிச் செம்பும் வேண்டாம். ஒரு குடம் தண்ணீரும் ஒரு பனை ஓலை விசிறியும் கையில் இருந்தால் போதும்.

கல்யாண வாசலில் நின்று விருந்தாளிக்குப் பன்னீர் தெளித்தவர்கள் நம் பாட்டிமார். வெயிலில் வந்தவரின் களைப்பைத் தீர்ப்பதே அதன் நோக்கம். இந்தக் கோடையில் வேலை முடிந்து வீடு திரும்பும் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும், பிள்ளைகள் முதலில் ஒரு சொம்பு நீர்மோர் கொடுக்கட்டும். பிறகு பன்னீர் தெளிக்கட்டும். முகம் மட்டுமல்ல, மனமும் குளிரும்!