உங்களுக்குத் தெரியுமா? படம் பிடிக்கக்கூடத் தடை இருந்த மலை!

இரவு அழகைக் காண இன்று கூட்டம் அலைமோதும் ஜப்பானின் ஹகோடாதே மலையில், ஏறத்தாழ 50 ஆண்டுகள் பொதுமக்கள் கால்வைக்கவே முடியாது. ராணுவக் கோட்டையாக இருந்ததால் புகைப்படம் எடுக்கவும் தடை. மக்களுக்குத் திறந்துவிட்டது 1946-இல்தான்.

• ஆள் நடமாட்டம் இல்லாததால் காடு பிழைத்தது. இன்று சுமார் 600 வகைத் தாவரங்கள். பழைய பீரங்கி மேடைகளின் செங்கல் சுவர்களில் பாசி படர்ந்து கிடக்கிறது.

• உயரம் 334 மீட்டர். ரோப் காரில் 3 நிமிடம்தான்.

• இருபுறமும் கடல். நடுவே உடுக்கையின் இடுப்பாகச் சிறுத்து, விளக்கொளியில் மின்னும் நகரம்.

• படுத்திருக்கும் மாடுபோல் தெரிவதால் ‘படுத்த மாட்டு மலை’ என்றும் பெயர்.

• கணவாய் பிடிக்கும் காலத்தில் இருட்டிய கடலிலும் படகு விளக்குகள் பூக்கும்!