பெரிய கார்புரேட்டர் போட்டால் வண்டி பறக்குமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய புரோட்டோன் சாகா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான நம் நாட்டின் முதல் தேசியக் கார் அது. ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த வண்டிகளில் சில, அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ கைமாறி இன்று கல்லூரி மாணவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கார் கிடைக்காதவர்களுக்கு ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளாவது வீட்டில் இருக்கும்.

வண்டி கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றும் ஆசை, கார்புரேட்டரை மாற்றிப் பெரிதாகப் போடுவது. "பெருசா போட்டா வண்டி பறக்கும்" என்று யாராவது ஒரு நண்பர் சொல்லியிருப்பார். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் அதற்கே போய்விடும். பிறகு வண்டி திக்கும், பெட்ரோலைக் குடிக்கும், சிவப்பு விளக்கில் நின்றால் அணைந்துபோகும்.

பணத்தைச் செலவழிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இடைநிலைப்பள்ளி இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். குழாய் குறுகினால் காற்றின் வேகம் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-இல் வெளியிட்ட தத்துவம் இது. குறுகிய கழுத்துக்கு இத்தாலிய அறிவியலாளர் வெஞ்சூரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே அழுத்தம் குறைவதால், மிதவைத் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் ஜெட் எனப்படும் சிறு துளை வழியாக மேலேறி, தூறலாகக் காற்றோடு கலக்கிறது.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் அதிகமானால் கலவை செறிவு, குறைந்தால் மெலிவு. முழு வேகத்தில் இழுக்கும்போது இயந்திரம் 12.5 முதல் 13 வரையான செறிந்த கலவையைக் கேட்கும். ஒரே சீராக ஓடும்போது 14.7-க்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கார்புரேட்டரில் இத்தனை ஜெட்களும் திருகுகளும் இருப்பதற்குக் காரணம், வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு கலவை தேவைப்படுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாகாவின் 1.5 இயந்திரம் மிட்சுபிஷியின் 4ஜி15 வகை. அதன் கொள்ளளவு 1,468 கன சென்டிமீட்டர், அதாவது 1.468 லிட்டர். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 3,000 முறை. 1.468-ஐ 3,000-ஆல் பெருக்கினால் 4,404 லிட்டர்.

ஆனால் எந்தச் சாதாரண இயந்திரமும் நூறு விழுக்காடு நிரம்புவதில்லை. 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் சுமார் 3,740 லிட்டர். கார்புரேட்டர் விற்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று சொல்வார்கள். இதைத்தான் சி.எஃப்.எம் என்கிறார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். வகுத்தால் 132 சி.எஃப்.எம். நம் சாகா அதிகபட்சமாகக் கேட்கும் காற்று அவ்வளவுதான்.

இதையே அமெரிக்க 'மஸல் கார்' ஒன்றுக்குப் போட்டுப் பாருங்கள். 5.7 லிட்டர் வி8 இயந்திரம், 5,500 சுற்று. விடை ஏறக்குறைய 470 சி.எஃப்.எம். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கே, தெருவில் ஓட்டுவதென்றால் 600 அளவுள்ள கார்புரேட்டர் தாராளம். பந்தயத்துக்குச் செய்த 850-ஐ வாங்கி மாட்டினால் பந்தயத் திடலில் பெயர் கிடைக்கலாம், சாலையில் தலைவலிதான் கிடைக்கும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க வழக்கப்படி நான்கு தொண்டை கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளக்கிறார்கள், இரண்டு தொண்டையை 3 அங்குலத்தில் அளக்கிறார்கள். காற்றோட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே '500' என்று எழுதியிருக்கும் இரண்டு தொண்டை கார்புரேட்டர், நான்கு தொண்டைக்கான அளவில் சுமார் 354 மட்டுமே. பெட்டியில் இருக்கும் எண்களை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

பெரியது ஏன் திக்குகிறது?

கப்சாய் ஒன்றில் 18 மில்லிமீட்டர் துளை இருந்த இடத்தில் 28 மில்லிமீட்டர் போடுவதாக வைத்துக்கொள்வோம். துளையின் பரப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு கூடும். இயந்திரம் இழுப்பது அதே அளவு காற்று என்றால், முழுத் திறப்பில் காற்றின் வேகம் 41 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அழுத்தக் குறைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோலை மேலிழுக்கும் விசை முன்பிருந்ததில் ஆறில் ஒரு பங்காகிவிடும்.

குறைந்த சுற்றில் முறுக்கியைச் சட்டென்று திருகும்போது வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நிற்பது இதனால்தான். காற்று வந்துவிடுகிறது, பெட்ரோல் வந்து சேரவில்லை. சுற்று ஏறிய பிறகு வண்டி பாயலாம். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் மாலை ஆறு மணிக்கு யாருக்கு அந்தச் சுற்று கிடைக்கும்? கூட்டரசு நெடுஞ்சாலையில்கூட நம் வண்டிகள் பெரும்பாலான நேரம் கால்வாசித் திறப்பில்தான் ஓடுகின்றன. கார்புரேட்டரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தக் கால்வாசிக்காகத்தான்.

சரிசெய்யும் வரிசை

நல்ல பட்டறைக்காரர் கார்புரேட்டரில் கைவைப்பது கடைசியில்தான். ஸ்பார்க் பிளக், தீப்பொறி நேரம், வால்வு இடைவெளி, காற்று வடிகட்டி, ரப்பர் குழாய்களில் கசிவு ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுவார். கார்புரேட்டர் கோளாறு என்று நாம் நினைப்பதில் பல, வெடித்த ஒரு ரப்பர் குழாயாகத்தான் இருக்கும்.

அடுத்தது மிதவைத் தொட்டியின் மட்டம். அது தவறாக இருந்தால் வேறு எந்தத் திருகைத் திருப்பினாலும் பயனில்லை. அதன் பிறகு இயந்திரத்தை நன்றாகச் சூடாக்கிவிட்டு, நின்ற நிலை ஓட்டத்துக்கான கலவைத் திருகுக்கு வரலாம். அதை மெதுவாக இறுதிவரை மூடிவிட்டு ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குவது பொதுவான வழக்கம். அழுத்தி மூடினால் ஊசிமுனை கெட்டுவிடும். இயந்திரம் எந்த இடத்தில் மிக சீராக, மிக வேகமாகச் சுற்றுகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, பிறகு ஓட்ட வேகத்தைக் குறையுங்கள்.

மிதித்தவுடன் திக்கினால் முடுக்கப் பம்பைப் பாருங்கள். முழுத் திறப்பில் குறை இருந்தால் முதன்மை ஜெட்டைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் நுனியும் கதை சொல்லும்: இளம்பழுப்பு என்றால் நலம், கரி படிந்திருந்தால் செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அறிவியல் கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான் இது.

கெந்திங் மலை ஏறும்போது கார்புரேட்டர் வண்டி சோர்ந்துபோவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சக்தி குறைவதற்கு முதல் காரணம் அதுதான். ஜெட்டின் அளவோ மாறுவதில்லை என்பதால் கலவையும் செறிந்துவிடுகிறது. அதற்காக மலை உச்சியில் திருகைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கினால், கிள்ளானில் கலவை மெலிந்துவிடும்.

விளையாட்டல்ல

மெலிந்த கலவையில் இயந்திரம் சூடேறி பிஸ்டன் ஓட்டையாகலாம். இரண்டு வீச்சு வண்டிகளில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போவதால் ஆபத்து இன்னும் அதிகம். செறிந்த கலவை கார்பன் மோனாக்சைடைக் கூடுதலாக வெளியேற்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கார் கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சரிசெய்வது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருக்கட்டும். முழு வேகச் சோதனையைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள். அதற்கு டைனோ இருக்கும் பட்டறைகளும் பந்தயத் திடல்களும் உண்டு. இயந்திரத்தையே மாற்றுவதென்றால் ஜேபிஜே அனுமதியையும் மறக்காதீர்கள்.

இனி எதற்கு இந்தப் படிப்பு?

புதிய கார்கள் எல்லாமே மின்னணு எரிபொருள் பீச்சலுக்கு மாறிவிட்டன. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைத் தொடர்கூட 2012-இல் கார்புரேட்டரைக் கைவிட்டது. ஆனால் கணினி இன்று செய்வதும் அதே வேலைதான்: எவ்வளவு காற்று வந்தது, அதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்கிடுவது. ஜெட்டைக் கையால் மாற்றிப் பழகியவருக்கு, திரையில் தெரியும் எரிபொருள் அட்டவணை புரியாத புதிராக இருக்காது.

எஸ்பிஎம்முக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பத்தில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம், அதற்கு மேல் டிப்ளோமா நிலைக்கும் போகலாம். "படிப்பு வராதவன்தான் பட்டறைக்குப் போவான்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் வர்க்கமூலமும் பெர்னூலியும் வேதியியலும் இருந்ததை அவர்களிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை யாராவது பெரிய கார்புரேட்டர் விற்க வந்தால், உங்கள் இயந்திரத்தின் கொள்ளளவையும் நீங்கள் உண்மையில் ஓட்டும் சுற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும், இருக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு, முறையாகச் சரிசெய்தாலே போதும் என்பதுதான் விடையாக இருக்கும். மிச்சப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்கிவிடலாம்.