பரிசுச்சீட்டின் எதிர்பார்ப்புப் பெறுமதி

பரிசுச்சீட்டின் எதிர்பார்ப்புப் பெறுமதி என்பது ஒரு சீட்டுக்குச் சராசரியாகக் கிடைக்கக்கூடிய தொகை ஆகும். ஒவ்வொரு பரிசையும் அதை வெல்லும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் இது கிடைக்கும்.

எடுத்துக்காட்டு

கேரள அரசின் 2022 ஆம் ஆண்டு ஓணம் பம்பர் சீட்டின் விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி ரூபாய். 66 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்பனையாயின. ஆகவே, முதற்பரிசில் ஒரு சீட்டின் பங்கு 38 ரூபாய்க்கும் குறைவு. முகவர் கழிவும் வருமான வரியும் போக இது சுமார் 24 ரூபாய் ஆகும். ஏனைய பரிசுகளைச் சேர்த்தாலும் சீட்டின் விலையை எட்டாது. எனவே, பரிசுச்சீட்டு வாங்குதல் முதலீடு ஆகாது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 1968 இல் அரசு பரிசுச்சீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அன்றாடக் கூலியைச் சீட்டுகளில் இழந்து பல குடும்பங்கள் கடன்பட்டன. 2003 இல் எல்லாப் பரிசுச்சீட்டுகளின் விற்பனையும் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது.