விசேஷமும் இல்லை, துக்கமும் இல்லை... சும்மா பார்க்க வந்தோம்!

12 நாள்கள், 8 வீடுகள், ஒரு பழைய கார்... ஆவடி தம்பதியின் குமரிப் பயணம்

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம்" என்று போன் செய்ததும் எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான் வந்தது. "என்ன விசேஷம்?"

பத்திரிகை வைக்க வருகிறார்களா, பேத்திக்குக் காது குத்தா, இல்லை யாருக்காவது உடம்பு சரியில்லையா? "ஒண்ணுமே இல்ல, சும்மா பார்க்கத்தான்" என்றால், மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இருக்காது. அப்புறம்தான், "அப்படின்னா சாப்பிடுற மாதிரி வாங்க" என்று குரல் மலரும்.

ஆவடியில் வசிக்கும் அந்தக் கணவருக்கு 63 வயது, அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 59, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கல்யாணமாகி 34 வருடங்கள். ஒன்பது வருடப் பழைய சின்ன காரை எடுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரை வழியாகக் கன்னியாகுமரி வரை போய், நெல்லை, மதுரை, திருச்சி வழியாக வீடு திரும்பியிருக்கிறார்கள். வழியெல்லாம் ஊர் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் உறவுகளையும் பார்த்தார்கள்.

ஒன்பது எட்டானது

இந்தப் பயணத்துக்கு விதை விழுந்தது ஒரு துக்க வீட்டில். போன வருடம் திருநெல்வேலியில் மனைவியின் பெரியம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய சொந்தங்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "இதுல பாதிப் பேரு அவ உசுரோட இருக்கையில வந்திருந்தா, அவளே காபி போட்டுக் குடுத்திருப்பா."

ஊர் திரும்பிய அன்றே மனைவி ஒரு நோட்டில் பெயர்களை எழுதினார். மொத்தம் ஒன்பது வீடுகள். கணவர் பக்கம் ஐந்து, தன் பக்கம் நான்கு. "இத்தனை வருஷமா லீவு விட்டா இவங்க ஊருதான். எங்க வீட்டு ஆளுங்களை எல்லாம் போற வழியில ஒரு மணி நேரம் பார்த்ததோட சரி. இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குன்னு சொல்லிட்டேன்" என்கிறார். கணவர் மறுபேச்சு பேசவில்லை.

முதலில் குறித்த தேதி மழையால் தள்ளிப்போனது. இரண்டாவது தேதி பேரனின் பரீட்சையால் தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்கு மூன்று வாரம் முன்பு, கும்பகோணத்தில் தனியாக இருந்த கணவரின் சித்தப்பா காலமாகிவிட்டார். நோட்டில் இருந்த ஒன்பது பெயர்களில் முதல் பெயர் அவருடையது. அதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் தேதியை மாற்றவில்லை.

இருட்டினால் கார் நிற்கும்

கிளம்பும் முன்பே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் கார் நகராது. இரண்டாவது விதி, எந்த உறவினர் வீட்டிலும் ராத்தங்கல் இல்லை. "எல்லாருமே வயசானவங்க. நாம தங்குனா அவங்க கட்டிலைக் குடுத்துட்டு தரையில படுப்பாங்க. பகல்ல போயி, சாப்பிட்டு, பேசிட்டு, சாயங்காலம் லாட்ஜுக்குப் போயிடணும்" என்பது மனைவியின் கட்டளை. இந்த இரண்டாவது விதி ஒரே ஓர் இடத்தில் உடைந்தது.

முதல் நாள் மதியம் கடலூரில் கணவரின் தங்கை வீடு. இரவு சிதம்பரம். மறுநாள் காலை பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு. சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இந்தக் காடுகளில் வளர்வதுதான். பெயரை ஆயிரம் தடவை கேட்டிருந்தாலும் மரத்தை அன்றுதான் பார்த்தார்கள்.

அங்கிருந்து தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஊர் இது. ஆசிரியைக்குச் சொல்லவா வேண்டும்? அரை மணி நேரம் என்று போட்டிருந்த இடத்தில் இரண்டு மணி நேரம் போனது. மயிலாடுதுறையில் காத்திருந்த கணவரின் பெரியப்பா மகன், "எங்கப்பா இருக்கீங்க, சாப்பாடு ஆறுது" என்று மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

மூன்றாம் நாள் கும்பகோணம். பட்டியலில் இல்லாவிட்டாலும் சித்தப்பா வீட்டுத் தெருவுக்குப் போனார்கள். பூட்டிய கதவு. திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா காபி கொண்டுவந்து கொடுத்து, "நீங்க வர்றதாச் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். அன்று தாராசுரம் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் கணவர் அதிகம் பேசவில்லை.

காரைக்குடி சித்தியும் கடலோரச் சாலையும்

காரைக்குடியில் மனைவியின் சித்திக்கு 80 வயது. அவருக்காக மனைவி கொண்டுபோனது இனிப்போ புடவையோ இல்லை. பழைய ஆல்பத்திலிருந்து பெரிதாகப் பிரிண்ட் போட்ட போட்டோக்கள். இரண்டு மணி நேரம் அந்தப் படங்களில் இருந்தவர்களின் பெயர்களைச் சித்தி சொல்லச் சொல்ல, பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். "இந்தக் குழந்தை யாரு சித்தி?" என்று கேட்டதற்கு, "அது நீதாண்டி" என்று சிரித்திருக்கிறார் சித்தி.

சாயங்காலம் ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையாலேயே டைல்ஸ் செய்வதைப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் ராமேஸ்வரம். பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது, 1914 முதல் ரயில்களைச் சுமந்த பழைய பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்துபோன தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு, சாலை முடியும் அரிச்சல்முனை வரை போனார்கள்.

ஆறாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி. சாயல்குடியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பனை மரங்கள், வண்டிகள் குறைவு. அந்தத் தூரம் முழுக்க ஓட்டியது மனைவி. ஐம்பது வயதில் டிரைவிங் கற்றவர். "இவங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தாங்க" என்று சிரிக்கிறார். ஆனால், தூத்துக்குடி உப்பளங்கள் கண்ணில் பட்டதும் அவரே காரை ஓரம் கட்டிவிட்டு, "என்னங்க, நீங்க ஓட்டுங்க. எனக்குக் கை நடுங்குது" என்றார்.

டயருக்குக் காற்று

தூத்துக்குடியில் இருப்பது அவருடைய கூடப்பிறந்த அக்கா. 72 வயது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருந்த அப்பாவின் வீட்டை விற்றபோது பணத்தில் வந்த மனஸ்தாபம். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. பெரியம்மா காரியத்தில்கூட இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மருமகளுக்கு மட்டும்தான் போன் செய்திருந்தார். "அத்தைகிட்ட சொல்லிட்டேன் சித்தி. ஒண்ணும் சொல்லல" என்று பதில் வந்திருந்தது.

தெருமுனையில் கணவர் காரை நிறுத்தினார். "நீ முன்னால போ. நான் டயருக்குக் காத்து அடிச்சிட்டு வர்றேன்." காற்று அடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

கதவைத் திறந்த அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சிட்ட?" அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. கணவர் உள்ளே நுழையும்போது இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணீருக்கு வெங்காயம் ஒரு நல்ல சாக்கு.

அன்றிரவு லாட்ஜ் அறையை ரத்து செய்துவிட்டார்கள். விதி உடைந்த இடம் அதுதான்.

முழங்கால் வலியால் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத அக்காவை மறுநாள் முன் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினார்கள். திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டு, மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பார்த்து, திரும்பும்போது அக்கா கேட்டதற்காக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போனார்கள். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அது. சின்ன வயதில் இருவரும் குளித்த ஆறு. அப்பா வீடு இருந்த தெரு பக்கத்தில்தான். "போயி பார்ப்பமா?" என்று தங்கை கேட்டார். "வேண்டாம்ட்டி. அது இனி அவங்க வீடு" என்றார் அக்கா.

பணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவும் இல்லை. ஆனால், இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆவடி வீட்டில் போன் அடிக்கிறது.

குமரியைத் தொட்டு...

எட்டாம் நாள் கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறையையும் 133 அடி திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார் மனைவி. கீழே பார்க்கப் பயந்தது கணவர்தானாம்!

அடுத்த நாள் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகர். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. மதியம் நாகர்கோவிலில் மனைவியின் அத்தை மகள் வீடு. சாயங்காலம் திருநெல்வேலியில் அந்த மாமா. "காபி போடச் சொல்லவா?" என்றுதான் வரவேற்றார். தான் அன்று சொன்னது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, இவர்களுக்கு நினைவிருந்தது.

பத்தாம் நாள் கழுகுமலை. பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயில். பிறகு மதுரையில் கணவரின் அத்தை. பதினோராம் நாள் காலையில் கீழடி அருங்காட்சியகம், மாலையில் திருச்சியில் கணவரின் அக்கா மகன் வீடு. பன்னிரண்டாம் நாள், விழுப்புரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, ஆவடி. திருச்சியிலிருந்து வந்த அந்த ஒரு நாள்தான் நான்கு மணி நேரக் கணக்கு தாண்டியது.

முதல் கார் பயணமே தாய்வீட்டுக்குத்தான்!

உலகின் முதல் நெடுந்தூர கார் பயணமும் ஒரு பெண் தாய்வீட்டுக்குப் போனதுதான். 1888 ஆகஸ்ட்டில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். 100 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். தன் கணவர் செய்த வண்டியை நம்பி நெடுந்தூரம் போகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தப் பயணம்தான்.

கிளம்புகிறவர்களுக்கு...

* உறவினர்களுக்கு முந்தின நாள் மாலை சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் தேவையில்லாமல் செலவு செய்வார்கள். "ரசம் சாதம் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

* சர்க்கரை நோயாளி வீட்டுக்கு இனிப்பு வேண்டாம். பழைய போட்டோக்களின் பிரதியைப் போல ஒரு பரிசு இல்லை.

* மாத்திரைகள் டிக்கியில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* ஸ்டெப்னி டயரில் காற்றும், ஃபாஸ்டேகில் பணமும் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

* பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. தனுஷ்கோடியில் கடலில் இறங்க வேண்டாம், மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.

* லாட்ஜில் தரைத்தள அறையா, லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

* கணவர் பக்கம், மனைவி பக்கம் இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குங்கள்.

* பட்டியலில் வயதில் மூத்தவர் பெயரை முதலில் எழுதுங்கள். தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.