பெரிய மாற்றங்களும் மனச்சுமையும்

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மனம் உடைந்து போகும். இது நமக்குத் தெரிந்ததே. ஆனால் மகளின் கலியாணம் நல்லபடியாக முடிந்த கையோடு தாய்க்குத் தூக்கம் வராமல் போகிறதே, ஏன்? ஈ.பி.எப். காசை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நின்றவர், "என்னமோ வெறிச்சுனு இருக்கு" என்கிறாரே, ஏன்?

1967 இல் ஹோம்ஸ், ராகே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100. கலியாணத்துக்கு 50. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45. வீடு மாறுவதற்கு 20. நல்லதோ கெட்டதோ, பழகிய வாழ்க்கையை மாற்றவைக்கும் எதுவும் சுமைதான் என்றார்கள். கொழுந்துக் கூடையைப் போலத்தான் இதுவும். ஒவ்வொரு பிடியும் லேசு. கூடை நிறைந்தால் கயிறு நெற்றியை அழுத்தும்.

சுமை கூடினால் உடம்பு சொல்லும். நெஞ்சு படபடக்கும், தலையிடி வரும், பசி எடுக்காது, சின்ன விசயத்துக்கும் கோபம் வரும். இது பேய் பிடித்ததும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

மட்டக்களப்பில் கண்டது

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் மலையகத்துக் குடும்பங்கள் சிலவும் மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறின. அந்த மாவட்டம் பல வருடம் யுத்தத்தையும் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டாகக் கிடக்கும் நாவலடி அழிந்தது. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரமே சாய்ந்தது. வீடு, தொழில், பிள்ளை எல்லாம் ஒரே காலையில் போயின. பலருக்கு உடலும் கிடைக்கவில்லை. முகம் பார்த்து அழுது காரியம் செய்யக்கூட வழியில்லை.

அந்த மக்கள் துக்கத்தை மறந்துவிடவில்லை. ஆனாலும் மெல்ல மெல்ல வலையைத் தூக்கிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். வருடா வருடம் அந்த நாளில் ஒன்றுகூடி விளக்கேற்றி அழுகிறார்கள். யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்காக 1996 இல் அங்கே தொடங்கிய 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா'வில், பிள்ளைகள் களிமண் பிசைந்தும் படம் வரைந்தும் கதை சொல்லியும் மனதில் உள்ளதை வெளியே விட்டார்கள். தொழில், சடங்கு, கூடியிருப்பது, மனம்விட்டுச் சொல்வது: இந்த நான்கும் மருந்து.

நாம் செய்யக்கூடியவை

1. அழுகிறவரை "அழாதே" என்று அடக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கேட்டாலே போதும்.

2. வேளைக்குச் சாப்பாடு, தூக்கம். முடிந்ததும் மெதுவாக வேலைக்குத் திரும்புவது நல்லது.

3. சாராயம் துக்கத்தை ஒரு ராத்திரிக்கு மறைக்கும்; காலையில் கடனையும் சேர்த்துத் தரும்.

4. ஒரே நேரத்தில் கலியாணம், கடன், வீட்டு வேலை என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்ற வேண்டாம்.

5. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாவிட்டால் டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாருங்கள். "செத்தாத் தேவல" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். மருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

நம் லயங்களில் சாவு வீட்டுக்குக் கூட்டம் குறைவில்லை. தேங்காய், அரிசி, விறகு எல்லாம் வந்துவிடும். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை. துக்கம் முழுசாக உறைப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே பதினேழாம் நாளும், அடுத்த மாதமும், பொழுது சாய்ந்ததும் ஒரு நடை போய், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேளுங்கள்.